சாக்லெட் தோய்த்த கேக் உருண்டை



பட்டணத்துக்குப் போகும்போது கேக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எலுமிச்சங்காய் அளவில் சாக்லெட் உருண்டைகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் குச்சி செருகியிருக்கும். சிலவற்றின் மேல் வண்ண மணிகள் தூவியிருக்கும். கடித்தால் உள்ளே மெத்தென்று கேக். வெளியே மொறுமொறுவென்று சாக்லெட் ஓடு. பார்த்த பிள்ளை கேட்காமல் இருக்குமா? ஒன்று இரண்டு வாங்கலாம். பிறந்தநாளுக்கு வரும் இருபது பிள்ளைகளுக்கும் வாங்குவதென்றால் கையைக் கடிக்கும். நாமே செய்துவிடலாமே என்று தோன்றும்.

செய்யலாம். ஆனால் சாக்லெட் கட்டியை வாங்கி வந்து, மற்றப் பலகாரம் செய்வதுபோல் நேராக அடுப்பில் வைத்தால் பல வீடுகளில் நடப்பது என்ன? உருகிக்கொண்டிருந்த சாக்லெட் திடீரென்று மணல் மணலாகத் திரிந்து கரண்டியைப் பிடித்துக்கொள்கிறது. அல்லது தோய்த்து வைத்த உருண்டை உறையாமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. அல்லது இரவில் நன்றாக இருந்தது, காலையில் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. மாவும் சீனியும் வீணானால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். சாக்லெட் அப்படியல்ல. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொக்கோவின் விலை நியூயார்க் சந்தையில் ஒரு டன்னுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மழையும் மரநோயும் விளைச்சலைக் கெடுத்ததே காரணம். அந்த ஏற்றம் நம் கடைத்தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே செய்முறைக்கு முன்னால் சாக்லெட்டின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். குணம் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் லட்டுப் பிடிக்கத் தெரிந்த கைக்கு விளையாட்டு.

நம்மில் மூத்தவர்கள் பலருக்குக் கொக்கோ புதிதல்ல. மலாக்காவில் 1778-ஆம் ஆண்டிலேயே கொக்கோ நட்டதாகக் குறிப்பு இருக்கிறது. ஆனாலும் அது பெரும் பயிரானது 1980-களில்தான். சபாவில் தாவாவ் வட்டாரத்திலும், தீபகற்பத்தில் பாகான் டத்தோ போன்ற கடலோரத் தோட்டங்களில் தென்னை நிழலிலும் கொக்கோ வளர்ந்தது. காயை உடைத்து, வழவழவென்ற வெள்ளைச் சதையோடு கொட்டையை வழித்தெடுத்துப் பெட்டியில் கொட்டுவதும், ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு வெயிலில் காயவைப்பதும் எத்தனையோ குடும்பங்களின் வேலையாக இருந்தன. அந்த வெள்ளைச் சதையை உறிஞ்சிச் சாப்பிட்ட பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டிகளாக இருப்பார்கள். 1990-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன விளைச்சல், விலை வீழ்ச்சியாலும் காய் துளைக்கும் பூச்சியாலும் சரிந்தது. இப்போது அதில் நூற்றில் ஒரு பங்குகூட நம் நாட்டில் விளைவதில்லை. ஆனால் அரைக்கும் ஆலைகள் நிற்கவில்லை. வெளிநாட்டுக் கொட்டையை வரவழைத்து இன்றும் அரைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கொக்கோக் கொட்டையின் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதற்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். நெதர்லாந்தில் வான் ஹூட்டன் என்பவர் 1828-ஆம் ஆண்டு, அரைத்த கொக்கோவைப் பிழிந்து இந்தக் கொழுப்பைத் தனியே எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் அதுவே டின்களில் வரும் கொக்கோத் தூள். சாக்லெட்டின் பளபளப்பு, மொறுமொறுப்பு, வாயில் கரையும் சுகம் எல்லாம் தூளில் இல்லை; கொழுப்பில்தான் இருக்கின்றன. கொக்கோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி செல்சியஸ் அளவில். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஆனால் பிற்பகலில் தகரக் கூரைக்குக் கீழே நம் வீட்டுச் சூடு என்னவென்று நமக்குத் தெரியும். குளிர்நாட்டுக்காரரின் மேசைமேல் தானாக உறையும் சாக்லெட், நம் மேசைமேல் உறைய மறுப்பதற்கு நம் கைப்பக்குவம் காரணமல்ல.

இன்னொரு தொல்லையும் உண்டு. உருகிய கொக்கோ வெண்ணெய் மறுபடி உறையும்போது பல விதமாகப் படிகம் கட்டும். அவற்றுள் ஒரு விதம்தான் பளபளப்பும் உறுதியும் தரும். கண்டபடி உறைந்தால் மங்கி, நாளடைவில் வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு வெளியே வந்துவிடும். பூஞ்சணம் என்று பயந்து எறிந்துவிடாதீர்கள். அது வெறும் கொழுப்பு. சாப்பிடலாம், அழகுதான் போச்சு. சரியான விதத்தில் உறைய வைக்க, சாக்லெட் செய்பவர்கள் ஒரு பதம் வைத்திருக்கிறார்கள். கறுப்புச் சாக்லெட்டானால் 45 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 28 டிகிரி வரை ஆறவிட்டு, மறுபடி 31 டிகிரிக்கு ஏற்றுவார்கள். அல்லது மூன்றில் இரண்டு பங்கை உருக்கி இறக்கி, உருக்காமல் வைத்திருந்த மீதிப் பங்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறுவார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? அதுபோல, நன்றாக உறைந்த துண்டு மற்றதற்கும் வழிகாட்டுகிறது. வெப்பமானியும் குளிரூட்டிய அறையும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 30 டிகிரியைத் தாண்டிய சமையலறையில் 28 டிகிரிக்கு எப்படி ஆறவிடுவது?

அதற்காகத்தான் இன்னொரு வகைச் சாக்லெட் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பைச் சேர்த்துச் செய்வது. அந்த வேறு கொழுப்பு பெரும்பாலும் எது தெரியுமா? செம்பனை. நாம் குலை வெட்டி, உதிரி பொறுக்கி அனுப்புகிறோமே, அந்தப் பழத்தின் சதையில் எடுப்பது சமையல் எண்ணெய். உள்ளே இருக்கும் கொட்டையை உடைத்துப் பருப்பில் எடுப்பது வேறு எண்ணெய். அந்தப் பருப்பெண்ணெயைக் கெட்டிப்படுத்திக் கொக்கோத் தூளும் சீனியும் சேர்த்தால் இந்தச் சாக்லெட். பதம் எதுவும் பார்க்க வேண்டாம். உருக்கித் தோய்த்தால் தானாக உறைந்துவிடும். விலையும் குறைவு. ருசியில் அசல் சாக்லெட்டுக்குச் சற்றுக் கீழேதான். நாக்கின் மேல் மெழுகுபோல் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் நம் வீட்டில், நம் வெயிலில், முப்பது உருண்டை தோய்ப்பதற்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. அசல் சாக்லெட்டை அப்படியே உடைத்துச் சாப்பிடுவோம்.

கடையில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். ‘மெந்தேகா கோக்கோ’ என்று இருந்தால் கொக்கோ வெண்ணெய். ‘லெமாக் சாயுரான்’ என்றோ ‘மிஞ்ஞாக் இசிருங் சாவிட்’ என்றோ இருந்தால் செம்பனை முதலிய தாவரக் கொழுப்பு. சிலவற்றில் முன்புறமே ‘கோக்லாட் கோம்பாவுன்’ என்று எழுதியிருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலக்கக் கூடாது. போன மாதம் வாங்கிய அசல் கட்டியில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று செம்பனைச் சாக்லெட்டோடு சேர்த்து உருக்குவார்கள். அந்த இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இறுக வேண்டியது இளகியே நிற்கும். சில நாளில் வெளுத்தும் போகும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கேக். அணிச்சல் என்று நல்ல தமிழில் சொன்னாலும், வீட்டில் கேக் என்றால்தான் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். கோழிமுட்டை மூன்று, சீனி 150 கிராம், கோதுமை மாவு 150 கிராம், மார்ஜரின் அல்லது பட்டர் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. பட்டரையும் சீனியையும் வெளுக்கக் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, சலித்த மாவையும் பவுடரையும் கலந்து வேகவைத்தால் ஏறத்தாழ அரைக் கிலோ கேக் கிடைக்கும். கேக் சுடும் அடுப்பு இருந்தால் 170 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். இல்லாதவர்கள் இட்டிலிச் சட்டியில் ஆவியில் வேகவைக்கலாம். மூடியைத் துணியால் கட்டிவிட்டால் நீர்த்துளி கேக்கின் மேல் விழாது. மூங்கில் குச்சியைக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

உருண்டைக்குப் புதுக் கேக்தான் வேண்டும் என்பதில்லை. டென்மார்க் நாட்டு ரொட்டிக் கடைகளில் விற்று மிஞ்சிய கேக்கைப் பிசைந்து உருட்டி விற்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டையொட்டிக் குச்சி செருகிய உருண்டை பெயர் பெற்றதும் அதன் உறவுதான். நேற்றைய கேக், ஓரம் காய்ந்த கேக், தூக்கும்போது உடைந்துபோன கேக் எல்லாம் சரிதான். ஆனால் பூஞ்சணம் பிடித்த கேக்கில் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மீதியை எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அதன் நூல்கள் உள்ளே ஓடியிருக்கும். அதுபோலவே, வேகாத மாவை உருண்டையில் சேர்ப்பதும் வேண்டாம். பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கும், விரத நாளுக்கும் மேரி பிஸ்கட்டைப் பொடித்துச் செய்வது கைவந்த வழி. பிஸ்கட் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பிணைப்பதற்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

பிணைப்பது எதனால்? வெள்ளைக்காரர்கள் பட்டரும் சீனித் தூளும் குழைத்த பூச்சைச் சேர்ப்பார்கள். நமக்கு டின் பால் போதும். நன்றாக ஆறிய கேக்கின் கெட்டியான மேல்தோலைச் சீவிவிட்டு, கையால் உதிர்த்து, கட்டியில்லாமல் தேய்த்து, முதலில் மூன்று மேசைக்கரண்டி டின் பால் விட்டுப் பிசையுங்கள். பிடித்தால் நிற்க வேண்டும். அழுத்தினால் விரல் தடம் பதிய வேண்டும். ஆனால் கையில் ஒட்டக் கூடாது. போதவில்லையானால் ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டலாம். ஆறு கரண்டிக்கு மேல் போவது அரிது. ஆவியில் வெந்த கேக்கில் ஈரம் அதிகம். அதற்கு இரண்டு மூன்றே போதும். பால் கூடிவிட்டால் உருண்டை களியாகிக் குச்சியிலிருந்து நழுவும், தித்திப்பும் திகட்டும். உருண்டை ஒன்று 20 கிராம், அதாவது சிறு எலுமிச்சங்காய் அளவு இருந்தால் முப்பது கிடைக்கும். பெரிதாகப் பிடிக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. பிள்ளைக்குச் செய்ததைத் தாத்தாவும் இரண்டு எடுக்கத்தான் செய்வார்.

உருட்டியவற்றைத் தட்டில் அடுக்கி, மூடி, குளிர்ப்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். இறுகினால் போதும், கல்லாக உறைய வேண்டாம். மிகக் குளிர்ந்த உருண்டையைச் சூடான சாக்லெட்டில் தோய்த்தால், ஓடு சட்டென்று இறுகிவிடும். உள்ளிருக்கும் கேக் பிறகு சூடேறி விரியும்போது ஓடு விரிசல் விடும். அழகாகத் தோய்த்த உருண்டை பத்து நிமிடத்தில் வெடிப்பதற்கு இதுதான் காரணம். தோய்ப்பதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மேலே ஈரம் பூத்திருந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

சாக்லெட் உருக்குவதற்கு விடிகாலையோ இரவோ நல்ல நேரம். முப்பது உருண்டைக்கு 350 கிராம் எடுத்துப் பொடியாகச் சீவிக்கொள்ளுங்கள். அகலச் சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீரைச் சூடாக்கி, கொதிக்கும்முன் தீயை அணைத்துவிடுங்கள். அதன் மேல் சாக்லெட் கிண்ணத்தை வையுங்கள். அடி தண்ணீரைத் தொடக்கூடாது. மூடி போடாதீர்கள், ஆவி நீராகிச் சொட்டும். கிண்ணமும் கரண்டியும் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். மரக்கரண்டியின் இடுக்கில் தங்கிய ஈரம்கூடப் பகைதான்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? பால்மரம் சீவியவர்களுக்கு நன்றாகப் புரியும். வாளிப் பாலில் கொஞ்சம் அமிலம் விழுந்தால் என்ன ஆகிறது? உருகிய சாக்லெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. சாக்லெட்டில் சீனி மிக நுண்ணிய துகளாகக் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கிறது. சிறிது ஈரம் பட்டதும் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சாக்லெட் கட்டியாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் பழைய நிலைக்கு வராது. அப்படி ஆகிவிட்டால் எறிய வேண்டாம். சூடான பாலைத் தாராளமாக ஊற்றிக் கரைத்துக் குடிக்கப் பயன்படுத்தலாம். தோய்க்க மட்டும் உதவாது. சாக்லெட் கெட்டியாக இருக்கிறதே என்று பாலோ தண்ணீரோ விட்டு இளக்கப் பார்ப்பதும் இதே கதையில்தான் முடியும். இளக்க வேண்டுமானால் சமையல் எண்ணெய், அதுவும் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். சாயமும் அப்படியே. ஐஸ் கட்டிக்கும் ஜெல்லிக்கும் விடும் தண்ணீர்ச் சாயத்தை வெள்ளைச் சாக்லெட்டில் விட்டால் திரிந்துவிடும். எண்ணெயில் கரையும் சாயம் என்று கேட்டு வாங்குங்கள்.

முக்கால்வாசி உருகியதும் கிண்ணத்தை இறக்கி, மெதுவாகக் கிளறினால் மீதி தானாகக் கரையும். குச்சி வேண்டுமானால் அதன் நுனியைச் சாக்லெட்டில் நனைத்து உருண்டையில் பாதி வரை செருகி, இறுகவிடுங்கள். பிறகு உருண்டை கழன்று கிண்ணத்துக்குள் விழாது. குச்சி இல்லாமலும் இரண்டு முள்கரண்டியால் உருட்டி எடுக்கலாம். ஒருமுறை முழுக்கி, தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் மெல்லத் தட்டினால் கூடுதல் சாக்லெட் வழிந்துவிடும். எண்ணெய்த்தாளில் வையுங்கள். அலங்காரம் தூவ ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஓடு இறுகிவிட்டால் எதுவும் ஒட்டாது. எனவே ஒருவர் தோய்க்க, ஒருவர் தூவ, இரண்டு பேராகச் செய்வது நல்லது. வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் கை இருக்கிறது.

தூவுவதற்கு வறுத்துப் பொடித்த கச்சான், பிஸ்கட் பொடி, நன்றாக உலர்த்திய தேங்காய்த் துருவல் எல்லாம் பொருத்தம். அப்போது துருவிய தேங்காய் வேண்டாம், ஈரமானது, சீக்கிரம் கெடும். இவற்றைவிட நமக்குப் பிடித்தது கோடு இழுப்பது. உருகிய வெள்ளைச் சாக்லெட்டைச் சிறு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, மூலையில் ஊசிமுனை அளவு வெட்டிவிட்டு, இறுகிய உருண்டையின் மேல் கோடு போடலாம். மார்கழியில் கம்பிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சுழியும் புள்ளியுமாக ஒரு தட்டு உருண்டைக்கு முப்பது கோலம் போட்டுவிடலாம்.

கடையில் விற்கும் வண்ண மணிகளை வாங்குவதானால் அதன் பின்புறத்தையும் படியுங்கள். 120 என்ற எண்ணிட்ட சிவப்புச் சாயம் ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுப்பது; 904 என்ற மெருகு அரக்குப் பூச்சி தருவது; ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சைவ வீட்டுக்கும் அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் தட்டு அனுப்புகிறவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். ஹலால் முத்திரை உள்ளதை வாங்கினால் மலாய் அன்பர்களுக்குக் கவலையில்லை. ஆனால் ஹலால் என்பதால் மட்டும் ஒரு பொருள் சைவமாகிவிடாது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது கச்சான் சேர்த்திருந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்; சில பிள்ளைகளுக்குக் கச்சான் ஆபத்து. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முழு உருண்டையாகக் கொடுக்கக் கூடாது. குச்சியை எடுத்துவிட்டு, நான்காக வெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள்.

இறுகிய உருண்டைகளை மூடி போட்ட டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். நம் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த சாக்லெட்டின் மேல் அது வேர்வையாகப் படிந்து, சீனியைக் கரைத்து, காய்ந்தபின் சொரசொரப்பான வெள்ளைத் திட்டாகும். டப்பா மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும்; வேர்ப்பது டப்பாவாக இருக்கும். மேசையில் வைக்கும் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்தால் எறும்பு ஏறாது.

நன்றாக வந்து, நாலு பேர் கேட்டு, விற்றுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதல் முப்பது உருண்டைக்குச் செலவைத் தாளில் எழுதுங்கள். சாக்லெட், முட்டை என்று மட்டும் போடாமல், கேஸ், குச்சி, டப்பா, விரிசல் விட்டு வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்ட உருண்டை, எல்லாவற்றையும் சேர்த்து முப்பதால் வகுங்கள். அதற்கு மேல் நம் கைவேலைக்கும் கூலி வைக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்து ஐந்து காசு குறைத்து விற்பது கணக்கு ஆகாது. தேவைக்குச் சொன்னவர்களுக்கு மட்டும் செய்வது நல்லது. மிஞ்சிய உருண்டையை மறுநாள் வெயிலில் எடுத்துப்போய் விற்க முடியாது.

தோய்த்து முடிந்ததும் கிண்ணத்தின் அடியில் ஐம்பது கிராமாவது சாக்லெட் தங்கும். எண்ணெய்த்தாளில் வழித்துப் பரப்பி இறுகவிட்டு, உடைத்து டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கு உதவும். டப்பாவின் மேல் எந்த வகைச் சாக்லெட் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கேக் தூள் விழுந்து கலங்கியிருந்தால் வைத்திருக்க வேண்டாம். சூடான பாலை அந்தக் கிண்ணத்திலேயே ஊற்றிக் கலக்கினால் உதவிக்கு நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைக் குவளை வரும்.